டோப்பா கடையைத் தேடியவர்கள்

டோப்பா செய்கிற அக்காளுக்குக் கைவேலை அத்தனை சுத்தம். அவள் செய்ததைத் தலையில் வைத்துக்கொண்டு போனால் பெற்ற தாயே சந்தேகப்பட மாட்டாள். இணையதளம் கட்டுவதையே தொழிலாக வைத்திருந்த தம்பி, அவளுக்கும் ஒன்றை அமர்க்களமாகக் கட்டிக் கொடுத்தான். அன்று முதல் அக்காள் டோப்பா வலையில் முடி கோப்பதும், நடுநடுவே போனில் தன் கடையைத் தேடுவதுமாக இருந்தாள். பெரிய கம்பெனிகள் வந்தன. வழுக்கைக்கு எண்ணெய் விற்பவன் வந்தான். தொப்பிக் கடைக்காரன்கூட வந்தான். அவள் கடையைக் காணோம்.

"ஏன்டா, கண்டவன் எல்லாம் வர்றான். நான் மட்டும் எங்கடா போனேன்?"

"புதுத் தளம்னா அப்படித்தான்க்கா. தேடுற மெஷின் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிடுச்சு. இனி அது உன்னை நம்பணும். நாலு பேரு அவங்க தளத்துல உன் கடைக்கு இணைப்பு குடுத்தா சீக்கிரம் நம்பும். உன்கிட்ட வாங்கினவங்களை எழுதச் சொல்லேன்."

அக்காள் ஊசியைக் கீழே வைத்தாள். "அறிவிருக்காடா? என்கிட்ட வாங்கினவன் பொண்டாட்டிகிட்டயே மூச்சு விட்டிருக்க மாட்டான். ஊரறிய எழுதுவானா?"

இப்படியொரு வில்லங்கம் தம்பியின் தொழிலில் வந்ததே இல்லை.

டோப்பா வைப்பதை மறைக்காதவர்கள் யார் என்று அக்காள் மண்டையை உடைத்துக்கொண்டாள். நாடகக்காரர்கள்! நாடகக் குழு நடத்தும் அம்மாளிடம் நேரே போய் நின்றாள். குழுவின் தாடிகளை எல்லாம் ஒட்டுப்போட்டுத் தருபவள் அக்காள்தான்.

"இதைக் கேக்கவா இவ்வளவு தயக்கம்?" என்றார் அந்த அம்மாள். "எங்க ராஜா தாடி கழண்டு மந்திரி மடியில விழுந்துச்சே, அதை எழுதி, அப்புறம் மானத்தைக் காப்பாத்தினது நீங்கன்னு போட்டுடறேன்."

சொன்னபடியே எழுதினார். படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒப்பனை கற்றுத்தரும் பள்ளி ஒன்றும் தன் தளத்தில் இணைப்பைப் போட்டது. அக்காளும் சும்மா இருக்கவில்லை. பைக்கில் போனால் பறக்குமா, தூங்கும்போது கழற்றணுமா என்று ஆட்கள் காதோடு கேட்பதற்கெல்லாம் தன் தளத்தில் பதில் எழுதிப் போட்டாள்.

அப்புறமும் ஒன்றும் நடக்கவில்லை. "அடுப்புல வெச்சதும் மூடியைத் திறந்து திறந்து பாத்தா எப்படிக்கா?" என்று தம்பி அலுத்துக்கொண்டான்.

பல வாரம் கழித்து ஒருநாள் அவளே கத்தினாள். "மூணாவது பக்கத்துல வந்துட்டேன்டா!" பரீட்சையில் பாஸானவள் போட்ட கூச்சல் போலத் தெருவுக்கே கேட்டது.

அந்த வாரமே ஒருவர் போன் செய்து, பின்பக்கம் வாசல் உண்டா என்று மெல்லக் கேட்டார். உண்டு என்றதும் வந்தார். உள்ளே உட்கார்ந்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"அவ்வளவு தள்ளி, மூணாவது பக்கத்துல இருக்கிற கடையை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"முதல் பக்கத்துக் கடைங்க படத்துல எல்லாரும் டோப்பாவோட சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அதான் தள்ளிக்கிட்டே வந்தேன்."

அக்காள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றும் வரை அளவு நாடாவைப் பிரிப்பதும் சுருட்டுவதுமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.