மாமாவுக்குச் சொல்லும் முதல் செய்தி

கொடைக்கானல் போகும் பஸ்ஸில் தங்கை ஸ்வேதா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். காலையிலிருந்து அவளுக்குச் சிறுநீர் வரவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது.

பதினைந்து வயதாகியும் அவள் பெரியவளாகவில்லை. மாதாமாதம் வயிறு வலிக்கும். எங்கள் ஊர் பூண்டியில் வயிற்றுவலி என்றாலே வாயுதான். மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுப்போம். சில நாளில் வலி அடங்கும். பூண்டு கேட்டுவிட்டது என்று நினைத்தோம்.

இந்த முறை அடங்கவில்லை. வயிறு மேடிட்டுத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா அவள் காதருகே குனிந்தாள்.

"ஏ புள்ள, எங்கிட்ட எதையும் மறைக்கலயே?"

கேள்வி புரிந்ததும் ஸ்வேதா அழுதாள்.

டியூப் வைத்துச் சிறுநீரை எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் ஆக்ஸிலியா எங்களை அழைத்தார்.

"கர்ப்பம் இல்லம்மா, பயப்படாதீங்க. பிறவியிலேயே ஒரு சவ்வு வழிய முழுசா அடைச்சிருக்கு. பொண்ணு எப்பவோ வயசுக்கு வந்தாச்சு. மாசாமாசம் வர்ற ரத்தம் வெளியேற வழியில்லாம உள்ளேயே தேங்கிக் கெடக்கு. மயக்கம் குடுத்துச் சவ்வைத் திறந்து விடணும். சின்ன ஆபரேஷன். இன்னைக்கே செஞ்சிடலாம்."

அம்மாவின் முகம் வெளிறியது. "அங்கயா கத்தி வைப்பீங்க? நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணுமேங்க."

"அதுக்கு ஒரு குறையும் வராது. விட்டாத்தான் கஷ்டம்."

"எங்கண்ணனக் கேட்டுட்டுச் சொல்றேங்க."

எங்கள் வீடுகளில் பெண் பெரியவளானால் முதல் செய்தி தாய்மாமனுக்குத்தான். அவர் வராமல் எதுவும் நடக்காது. குழந்தைவேல் மாமா கூக்கால் கிராமத்தில், தோட்டத்தில் இருந்தார். அங்கே டவர் கிடைக்காது. அம்மா விடாமல் போன் அடித்துப் பார்த்தாள். ஸ்வேதா கட்டிலில் சுருண்டு முனகினாள்.

"அம்மா, வலி எனக்கா, மாமாவுக்கா?" என்றாள் ஸ்வேதா.

"வாய மூடுடி."

"மூடுறேன். நீ வெரசா கையெழுத்துப் போடு."

அம்மா போட்டாள்.

தியேட்டர் கதவு மூடியதும் அம்மா போனைத் தொடவேயில்லை. "மயக்கத்துலேருந்து எந்திரிச்சிருவால்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் தலையாட்டினேன். எனக்கும் அதே பயம்தான்.

கடைசியில் டவர் கிடைத்ததும் மாமாவே கூப்பிட்டார்.

"அண்ணே, புள்ள பெரியவளாயிட்டா," என்று சொல்லி அம்மா உடைந்து அழுதாள்.

அப்போது கதவு திறந்தது. "ஸ்வேதா அம்மா யாரு? கண்ணு முழிச்சிட்டா. உங்களத்தான் கேக்குறா," என்றார் நர்ஸ். அம்மா போனை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஏ புள்ள, நல்ல செய்திதான, எதுக்கு அழுவுற?" மாமா போனில் கத்திக்கொண்டிருந்தார். "எப்ப ஆனா? நேரத்தச் சொல்லு, ஜோசியரப் பாக்கணும்."

போனைக் காதில் வைத்தேன்.

"தெரியல மாமா. பல மாசமாச்சு. அவளுக்கே தெரியாது."