மேல் லயத்துக்கு ஏறிய தாங்கி

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சோலார் மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது என்று போன் வந்தபோது, தொண்டு நிறுவனத்தின் கட்டுகஸ்தோட்டை அலுவலகத்தில் றம்லத் தலைவலி மாத்திரையை அப்போதுதான் விழுங்கியிருந்தாள். அந்தத் தண்ணீர்த் திட்டத்தைத் தொடங்கியவர் வேறு வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டார். அவர் உட்கார்ந்த கதிரையோடு சேர்த்து இந்தத் தோட்டமும் இவள் தலையில் விழுந்திருந்தது.

கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், கடைசியில் ஓட்டோ. டெக்னீஷியன் துஷாந்த் முந்தியே வந்து பள்ளத்து ஊற்றடியில் குந்தியிருந்தான். பக்கத்து மேட்டில் சோலார் தகடுகள் மழையில் நனைந்து கிடந்தன. வெயில் இருக்கும் வரைக்கும் மோட்டார் ஊற்றுத் தண்ணீரை இழுத்து, தொழிலாளர் வீட்டு வரிசைகள் இரண்டில் கீழே இருக்கும் கீழ் லயத்துத் தாங்கிக்கு ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

"இது பழுதில்ல மிஸ். போன தடவ மாதிரியே யாரோ வயர இழுத்துப் பிச்சிருக்காங்க" என்றான் துஷாந்த். பொலிசில் சொல்லாமல் இது நிற்காது என்பது அவன் கட்சி. அலுவலக மேனேஜரும் போனில் அதையேதான் சொன்னார். அடுத்த கிழமை நன்கொடை கொடுத்தவர்கள் பார்க்க வருகிறார்களாம்; முள்கம்பி அடித்தாவது மோட்டாரை ஓட வைக்க வேண்டுமாம். றம்லத் சரி என்றாள். வாதாட அவளுக்குத் தெம்பு இல்லை.

துஷாந்த் வயரை முடிச்சுப் போடத் தொடங்கியதும், கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பிய்த்தது யாரென்று கேட்டுப் பார்க்க றம்லத் மேல் லயத்துக்குப் படியேறினாள். இதுவரை அவள் அங்கே போனதில்லை. கடைசி வீட்டுக் காம்பராவின் வாசலில் தவமணி என்ற பெண் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குடத்தோடு வழுக்கி விழுந்த கால். மூச்சு வாங்க நின்ற றம்லத் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அரைக் கோப்பை வந்தது.

"வீட்டுல இவ்வளவுதான் இருக்கு மிஸ்" என்றாள் தவமணி. பிறகு, "வயர யாரு கழட்டுனான்னு கேக்கத்தானே வந்தீங்க? நாங்கதான். இந்த லயத்துப் பொம்பளைங்க எல்லாரும் சேந்துதான்."

றம்லத் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தவமணி நடந்ததைச் சொன்னாள்.

மோட்டார் வருவதற்கு முன்னால் இரண்டு லயமும் அந்த ஊற்றில்தான் தண்ணீர் எடுத்தது. இப்போது மோட்டார் பகல் முழுக்க இழுத்துவிடுகிறது. பறித்த கொழுந்தை மாலையில் நிறுத்துப் போட்டுவிட்டு மேல் லயத்துப் பெண்கள் பள்ளத்தில் இறங்கினால் சேறுதான் மிச்சம். கீழ் லயத்துக் குழாயில் பிடிக்கப் போனால், உங்களுக்குப் போட்ட குழாயா இது என்று கேட்கிறார்கள். லொறி போகிற இடம் கீழ் லயம் என்பதால் தாங்கியை அங்கே இறக்கி வைத்தார்கள். வேறு காரணம் எதுவுமில்லை.

"கூட்டம் போட்டுத்தான் முடிவெடுத்தாங்களாம். நாங்க மலையில கொழுந்து பறிச்சிக்கிட்டு நின்ன நேரத்துல போட்டாங்க."

"என்னட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வந்தா மோட்டாரப் பாப்பீங்க, தகட்டப் பாப்பீங்க, போயிருவீங்க. யார்கிட்ட சொல்றது?"

றம்லத்துக்குக் கோபம் வரவில்லை. முழங்கால்தான் வலித்தது. இறங்கிவந்து துஷாந்திடம் வயரை அப்படியே விடச் சொன்னாள். மேனேஜருக்குப் போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டு லயத்தையும் கூட்டிப் பேசும் வரைக்கும் மோட்டார் ஓடாது என்றாள். அவர் குரலை உயர்த்தினார். "ஓடுறதத்தான் காட்டணும்ண்டா அவங்கள வேற இடத்துக்குக் கூட்டிப் போங்க சேர்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இரண்டு லயமும் கூடியது. றம்லத் பேசுவதற்கு ஆயத்தமாகத்தான் வந்தாள். ஆனால் தலைவலி மண்டையைப் பிளந்தது. கதிரையில் உட்கார்ந்தவள் வாயே திறக்கவில்லை. அவர்கள் சண்டை போட்டார்கள். கீழ் லயத்துத் தலைவர் ராஜலிங்கம் பொலிசைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். இரண்டு பேர் தோளைப் பிடித்து வந்திருந்த தவமணி, கூப்பிடுங்க என்றாள். எப்போதோ நடந்த ஒரு கல்யாணத்தின் மனஸ்தாபம்கூட வெளியே வந்தது. அதிகாரி யாரும் குறுக்கே பேசாததால் எல்லாம் கொட்டித் தீர்ந்து, ஒரு கட்டத்தில் கத்தியவர்களே களைத்துப்போனார்கள்.

அப்போது கீழ் லயத்துப் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "இந்தக் கெழமை பூரா நாங்களும் பள்ளத்துலதான் எறங்கி ஏறுறோம். இடுப்பு விட்டுப்போச்சு. தாங்கிய மேல வச்சா என்ன?"

எல்லாரும் துஷாந்தைப் பார்த்தார்கள். மேல் லயத்துக்கும் மேலே வைத்தால் அங்கிருந்து இரண்டு லயத்துக்கும் தண்ணீர் தானாக இறங்கும் என்றான். ஆனால் மெதுவாகத்தான் நிரம்பும், வெயிலில்லாத மப்பு நாளில் இன்னும் குறையும். ஊற்று ஊறுவதற்கு மத்தியானத்தோடு மோட்டாரை நிறுத்தவும் வேண்டும். ராஜலிங்கம் மோவாயைத் தேய்த்துக்கொண்டே, பாதையில்லாத இடத்துக்குத் தாங்கியை யார் தூக்குவது என்று கேட்டார். பிறகு, நாங்கதான் தூக்கணும் போல என்று அவரே சொன்னார்.

தூக்கினார்கள். வழியில் தாங்கி ஒரு தரம் நழுவித் தேயிலைக்குள் உருண்டது. ராஜலிங்கத்தின் தோள் உரிந்துவிட்டது. மோட்டார்ப் பெட்டியின் சாவி லயத்துக்கு ஒன்றாகப் போனது. யார் எந்த நாள் தகடு துடைப்பது என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். பார்க்க வந்த நன்கொடைக்காரர்களுக்கு மேனேஜர் வேறு ஊரைக் காட்டினார். றம்லத்துக்கு அவரிடம் நல்ல ஏச்சு கிடைத்தது.

அதன் பிறகும் மழைக்காலத்தில் குழாய் நூலாகத்தான் ஓடியது. சண்டையும் வந்தது. ஆனால் வயரில் யாரும் கை வைக்கவில்லை. காட்டுப்பன்றி குழாயைக் கிளறிப் போட்டபோது அவர்களே துஷாந்திடம் போனில் கேட்டுக் கேட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். அதை அவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது, தன்னை யாரும் கூப்பிடவில்லையே என்று றம்லத்துக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது படியேறிப் பார்த்தாள். தவமணி குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை.

"வாங்க மிஸ். என்ன ஒடஞ்சுபோச்சு?"

"ஒண்டும் ஒடையல்ல. சும்மாதான் வந்தேன்."

தவமணி நம்பவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மோட்டாரைப் பார்க்க அவளுக்கு முன்னால் நொண்டி நொண்டி இறங்கத் தொடங்கினாள்.