கிணற்றுக்கு மருந்து போட்ட சனிக்கிழமை

திருச்சியில் அந்தக் கல்லூரி விடுதியின் சாப்பாட்டு நிர்வாகம் மாணவர்கள் கையில்தான் இருந்தது. மாதத்துக்கு ஒருவர் மெஸ் செக்ரட்டரி. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசிக்கு ரங்கசாமி. மண்ணச்சநல்லூர் ஆள், பி.ஏ. கடைசி வருஷம். காய்கறிக்கு ஆள் அனுப்ப வேண்டும், சாம்பாரில் உப்பில்லை என்று வருகிற சண்டையைத் தீர்க்க வேண்டும், சனிக்கிழமைதோறும் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டு நோட்டில் கையெழுத்திட வேண்டும். எல்லோரிடமும் நல்லவன் என்று பேர் வாங்குவதில் ரங்கசாமிக்கு அப்படியொரு ஆசை. கெட்ட ஆசை என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன்.

அந்தச் சனிக்கிழமை அவன் பவுடர் டப்பாவைத் தூக்கியதும் கூட்டாளிகள் மறித்துக்கொண்டார்கள்.

"டேய், நாளைக்கு ஹாஸ்டல் டேடா! பாயசத்துல ஆஸ்பத்திரி வாடை அடிக்கணுமா? ஒரு வாரம் போடாட்டி என்ன, குடியா முழுகிடும்?"

ஆற்றோரத் தெருக்களில் வாந்திபேதி பரவுகிறது என்று வார்டன் ஒட்டிய நோட்டீஸை ரங்கசாமி இரண்டு தரம் படித்திருந்தான். ஆனாலும் சிரித்துக்கொண்டே டப்பாவைக் கீழே வைத்தான். நோட்டில் 'மருந்து போடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். முதல் வருஷத்துப் பிள்ளைகளிடம் யாரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர்களிடம் எதைத்தான் கேட்டார்கள்!

ஞாயிற்றுக்கிழமை விருந்து அமர்க்களப்பட்டது. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் ஏழு பேர் சுருண்டு விழுந்தார்கள். ரங்கசாமி முதலில் ஓடியது கிணற்றடிக்கு. இரண்டு பங்கு பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் நோயாளிகளிடம் வந்தான். முதல் வருஷத்து மதுரைவீரனைத் தோளில் சுமந்து குதிரை வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் ராத்திரி பகல் பக்கத்திலேயே கிடந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆறு பேர் பிழைத்தார்கள். உப்பிலியபுரத்துப் பையன் மதுரைவீரன் புதன்கிழமை மாலை செத்துப்போனான். தந்தி ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் முனிசிபாலிட்டி ஆட்களே அடக்கம் செய்துவிட்டார்கள்.

மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றுத் தண்ணீரை முகர்ந்தார், மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. நோட்டைப் பார்த்தார், கையெழுத்து இருந்தது. தண்ணீரில் குற்றமில்லை, சமையல்கட்டில்தான் சுத்தம் போதாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வார்டன் ஸ்ரீனிவாசராகவன் சட்டம் பேசுகிற மனிதர். சமையல்காரர் சடகோபனை அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கினார்.

சடகோபன் ஸ்ரீரங்கத்துக்காரர். பன்னிரண்டு வருஷமாக அங்கே சமையல். குளிக்காமல் அடுப்படியில் கால் வைத்ததில்லை. விடுதிச் சோற்றைக்கூடத் தளிகை என்பார், பெருமாளுக்குப் படைக்கிற மாதிரி; பையன்கள் அதற்கே அவரைக் கேலி செய்வார்கள். அவரைப் பார்த்து 'அசுத்தம்' என்றார் வார்டன். ரங்கசாமி பக்கத்திலேயே நின்றான். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கல்லூரியை விட்டுத் துரத்துவார்கள், ஊரில் அப்பா முகத்தில் முழிக்க முடியாது. நாளைக்குச் சொல்லலாம் என்று விழுங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மதுரைவீரனின் அப்பா செல்லக்கண்ணு வந்து சேர்ந்தார். வாட்ச்மேன் நடந்ததையெல்லாம் சொல்லி, துணிமூட்டையோடு வெளியேறிக்கொண்டிருந்த சடகோபனையும் கை நீட்டிக் காட்டிவிட்டான். செல்லக்கண்ணு நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"எம்புள்ளைக்கு என்னத்தய்யா போட்டே?" என்று கத்தி முகத்தில் துப்பினார்.

சடகோபன் துண்டால் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். மாடியிலிருந்து பார்த்த ரங்கசாமி இறங்கி வந்து செல்லக்கண்ணுவை மகனின் அறைக்கு அழைத்துப் போனான்.

அங்கே மகனின் டிரங்குப் பெட்டியை மூடிவிட்டுச் செல்லக்கண்ணு ரங்கசாமியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்களாமே தம்பி. போன மாசமே எழுதியிருந்தான், ரங்கசாமி அண்ணன் இருக்காரு, இங்க ஒரு பயமும் இல்லேன்னு. உங்க பேரத்தான் எழுதியிருந்தான்."

ரங்கசாமியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை மருந்து போடாததையும், பொய்க் கையெழுத்தையும், செவ்வாய்க்கிழமை அள்ளிக் கொட்டியதையும் தேம்பித் தேம்பிச் சொன்னான். அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. செல்லக்கண்ணு பிடித்திருந்த கைகளை விட்டார், அவ்வளவுதான்.

"அந்த மனுசன் மூஞ்சில துப்பிட்டேனே" என்றார். "அவரு வீடு எங்க இருக்கு? காட்டு."

அதுவரை 'நீங்க' என்றவர் 'நீ'க்கு வந்திருந்தார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்கள். உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சடகோபன் வீடு. வாசலில் நின்றே ரங்கசாமி எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். செல்லக்கண்ணு குனிந்து சடகோபனின் காலைத் தொடப் போனார். சடகோபன் பதறிப் பின்வாங்கினார்.

"வேண்டாம், வேண்டாம். நேக்கு அந்த யோக்கியதை இல்லை" என்றார். "சனிக்கிழமை மருந்து போடலைன்னு நேக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை கார்த்தால தீர்த்தம் சேந்தறப்பவே வாசனை இல்லை. நான் வார்டனண்ட போய்ச் சொல்லியிருக்கணும். சந்தோஷப்பட்டேன் ஐயா. இன்னிக்குப் பாயசம் பாயசமா இருக்கும், நாலு பேர் நன்னாயிருக்குன்னு சொல்லுவான்னு சந்தோஷப்பட்டேன். அதான் நீங்க துப்பினப்போ வாயைத் திறக்கலை."

வார்டனிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன், சாமியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடச் சொல்கிறேன் என்றான் ரங்கசாமி.

"சொல்லு" என்றார் செல்லக்கண்ணு. அவர் அவனைப் பார்க்கவில்லை. "உனக்குத் தெரிஞ்சிருக்கு. உன் கூட்டாளிங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தச் சாமிக்கும் தெரிஞ்சிருக்கு. குடிச்சவனுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல."

ஊருக்குப் போகிற துறையூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியைத் தூக்கினார். ரங்கசாமி ஒரு பக்கம் பிடிக்க வந்தான். செல்லக்கண்ணு அவன் கையைத் தட்டிவிட்டுத் தாமே தலையில் ஏற்றிக்கொண்டு போனார்.