பன்னிரண்டு பிழைக்காரன்

நெப்ராஸ்காவில் கார்ட்வெல் ஊர் பேஸ்பால் மைதானத்தில் ஸ்கோர் எழுதும் வெர்னா ஓல்சனின் பென்சிலுக்கு நடுங்காத ஆட்டக்காரன் கிடையாது. கைக்கு வந்த பந்தை ஒருவன் கோட்டைவிட்டால் அவன் பெயரில் ‘பிழை’ என்று எழுதுவாள். எட்டவே முடியாத பந்து என்றால், பந்தை அடித்தவனுக்குப் பெருமை. எது எது என்று தீர்ப்பு சொல்வது அவள் ஒருத்திதான். கவர்னரே கேட்டாலும் மாற்றமாட்டாள்.

அந்தப் பென்சிலே இப்போது ஒருவனுக்கு உலை வைத்துவிட்டது. இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பாக நிற்கும் டார்னெல் பிக்கெட், இருபது ஆட்டத்தில் பன்னிரண்டு பிழை. அதே இடத்தில் வேறு இருபது ஆட்டம் ஆடிய கிளெம் ஹட்சர் ஒரே ஒரு பிழை. சனிக்கிழமை இறுதி ஆட்டம். டார்னெலை உட்கார வைக்கப் போவதாக மேனேஜர் ரோலண்ட் கூஸ் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் அடுத்த வருஷம் அவனைக் கூப்பிட நாதியில்லை. மாமனாரின் சோள லாரிதான் கதி.

வெர்னாவுக்கு நெஞ்சு உறுத்தியது. பிழைகள் பொய்யில்லை. ஆனால் ஹட்சர் நிற்கிற நிற்பு அவளுக்குத் தெரியும். நின்ற இடத்தில் வேர்விட்டு, கிளைவிட்டு, ஆகஸ்டுக்குள் குருவி கூடு கட்டியிருக்கும். தொடாத பந்தில் பிழை எப்படி வரும்?

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பந்தும் போன இடத்தில் மைதானப் படத்தில் ஒரு புள்ளி வைப்பாள். வெள்ளிக்கிழமை நாற்பது ஆட்டத்துத் தாள்களையும் சமையலறையில் பரப்பிப் புள்ளிகளை எண்ணினாள். பூனைக்குக் கால்வைக்க இடமில்லை.

சனிக்கிழமை மதியம் ரோலண்ட் ஆட்டப் பட்டியலோடு அவள் உட்கார்ந்து ஸ்கோர் எழுதும் கண்ணாடிக் கூண்டுக்கு ஏறி வந்தார்.

“ரோலண்ட், ஹட்சர் ஆடின நாள்ல அந்தப் பக்கம் உருண்டு வந்தது நூத்திநாப்பது பந்து. எத்தனை பேரை அவுட் ஆக்கினான் தெரியுமா?”

“நீயே சொல்லும்மா, பஞ்சாங்கம் உன்கிட்டதான இருக்கு.”

“எழுபத்தெட்டு. ஒண்ணு நழுவுச்சு. மிச்சம் அறுபத்தியொண்ணு அவனுக்கு வணக்கம் சொல்லிட்டுப் புல்வெளிக்குப் போயிடுச்சு.”

“டார்னெலுக்குக் கம்மியா வந்திருக்கும்.”

“நூத்திநாப்பத்தியொண்ணு! நூத்திப்பன்னிரண்டு அவுட். பன்னிரண்டைக் கோட்டைவிட்டான். தப்பிப்போனது பதினேழே பதினேழு.”

ரோலண்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அப்போ என் சுத்தமான ஆளு...”

“சட்டை மட்டும்தான் சுத்தம். மண்ணுல விழுந்தாத்தானே அழுக்காகும்?”

“முப்பத்துநாலு அவுட்டு கூடுதலா!” விரலில் கணக்குப் பார்த்தவர், விரல் போதாமல் விட்டுவிட்டார். “ஏன்டி, இதை ஜூன் மாசமே சொல்லியிருக்கலாமே?”

“ஜூன்ல நீ கேட்டியா? பிழை எத்தனைன்னுதானே கேட்ட!”

பட்டியலில் ஹட்சரை அடித்துவிட்டு டார்னெலை எழுதினார்.

மூன்றாவது இன்னிங்ஸிலேயே டார்னெல் ஒரு பந்தைத் துரத்திப் பிடித்து, முதல் தளத்துக்கு எறிகிறேன் என்று வேர்க்கடலை விற்பவரின் மடியில் எறிந்தான். கூட்டம் ஊளையிட்டது. ரோலண்ட் அண்ணாந்து கூண்டைப் பார்த்த பார்வையில் கண்ணாடி உருகியிருக்க வேண்டும். வெர்னா ஸ்கோர் பலகையில் பிழை விளக்கைப் போட்டாள். பதின்மூன்று.

ரோலண்ட் அவனை மாற்றவில்லை. அதன் பிறகு டார்னெல் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து மாவட்டத்துக்குப் போகிற பந்தையெல்லாம் மறித்தான். ஏழு பேரை அவுட் ஆக்கினான். கடைசி ஆளை மண்ணில் குப்புறக் கிடந்தபடி. கார்ட்வெல் ஒரு ரன்னில் ஜெயித்தது.

கொண்டாட்டத்தில் பையன்கள் ஊற்றிய பீர் வழியும் தலையோடு ரோலண்ட் படியேறி ஓடி வந்தார். பின்னாலேயே டார்னெல்.

“வெர்னா, அடுத்த வருஷமும் இவன்தான்! அந்த மூணாவது இன்னிங்ஸ் பந்து எட்டாத பந்துதானே? மாத்திடேன், பாவம்.”

“கைக்கு வந்துச்சு ரோலண்ட். பிழைதான்.”

“ஆமா மேடம், பிழையேதான்,” என்றான் டார்னெல், வாய் நிறைய வேர்க்கடலையோடு. “அந்தப் புள்ளியை எங்கே வெச்சீங்க, காட்டுங்க. எவ்வளவு தூரம் ஓடினேன்னு என் மாமனார்கிட்ட சொல்லணும்.”