கச்சானுக்கு வைத்த அரிசி

கதவு பூட்டியிருக்கவில்லை. சிவில் சப்ளை இன்ஸ்பெக்டர் சிவனணைந்தபெருமாளுக்கு அதுவே விசித்திரமாக இருந்தது. எழுபத்துநாலாம் வருஷத்துப் பங்குனியில், ஊரே ரேஷன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, பதுக்கல் அரிசியைத் தேடி அவர் நுழையாத இடம் தூத்துக்குடியில் குறைவு. உப்புக் கிட்டங்கியில் உப்புக்கு அடியில் மூட்டைகளைப் பார்த்திருந்தார். ஒரு வீட்டில் பிள்ளைபெற்ற பெண் படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே, இன்னொரு வீட்டில் புதிதாகப் பூசிய சுவருக்குப் பின்னால். எல்லா இடத்திலும் முதலில் ஒரு பூட்டு இருக்கும், பிறகு சாவி தொலைந்த கதை, கடைசியில் அழுகை. கடற்கரையை ஒட்டிய இந்தச் சந்தில் விக்டோரியா என்பவள் பீப்பாய் பீப்பாயாக அரிசி வைத்திருப்பதாகத் தகவல் வந்து, பியூன் முத்துக்கனியின் தலையில் தராசையும் எடைக்கற்களையும் ஏற்றிக்கொண்டு வந்தால், அவள், "குசினிக்குப் பின்னால இருக்கு, போய்ப் பாருங்க ஐயா" என்று கையைக் காட்டிவிட்டு, பாதியில் விட்ட மீனைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

அறைக்குள் காலை வைத்ததும் ஏதோ ஒரு தோணியின் வயிற்றுக்குள் இறங்கிவிட்டதுபோல அவருக்குத் தோன்றியது. இருட்டு கண்ணுக்குப் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சுவரை ஒட்டி ஒரே அளவாக வெட்டி அடுக்கிய விறகு. கயிற்று உறிகளில் பனையோலையில் கட்டிய உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பங்கள். வாய் கட்டிய பானைகளில் புளி, உப்பில் போட்ட எலுமிச்சை, கருவாடு. தரையோடு ஆணியடித்த பலகைச் சட்டத்துக்குள் மண்ணெண்ணெய் டின்கள், வீடே புரண்டாலும் நகராதபடி நின்றன. நடுவில் நான்கு மரப் பீப்பாய்கள், தோணிகளில் குடிதண்ணீருக்கு வைத்திருந்து கழித்தவை. மூன்று பலகையால் மூடியிருந்தன. புறவாசலை ஒட்டியிருந்த நான்காவதன் வாயில் பாய்மரத் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கை போகும் அளவுக்குக் கீறி விட்டிருந்தார்கள். ஒரு எறும்பு இல்லை. வசம்பும் வேப்பிலையும் கலந்த மணம். பேச வாயெடுத்த முத்துக்கனிகூட குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஐயா, கோயிலுக்குள்ள வந்த மாதிரில்லா இருக்கு."

சிவனணைந்தபெருமாள் ஒரு மூடியைத் திறந்து முழங்கைவரை உள்ளே விட்டு அள்ளினார். வெளிச்சத்துக்கு வந்து உள்ளங்கையை விரித்தார். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரர் அவர். வீட்டுக் குலுக்கையில் நெல் நிறைந்திருப்பதுதான் அவர்கள் தெருவில் மரியாதை. அது அவரவர் வயலில் விளைந்தது, அவரவர் பிள்ளைகளுக்கு. அரிசியைப் பார்த்த உடனே எந்த மடை, எந்தப் போகம் என்று சொல்லிவிடக்கூடிய ஆள். ஆனால் கையில் இருந்தது அவருக்குப் பிடிபடவில்லை. ரேஷன் கடையின் பழுப்பேறிய புழுங்கல், அதோடு ஒட்டிக்கொண்டு பச்சரிசி. ஐ.ஆர். எட்டின் தடித்த மணி. கார் அரிசி, சிறுமணி, கோழிக்குப் போடும் நொய், நாலைந்து சிவப்பரிசி. உமி நீங்காத ஒன்று. அடுத்த பீப்பாயிலும் அப்படியே. இந்த ஒரு மாதத்தில் அவர் பிடித்த மூட்டைகளில் எந்த வியாபாரியின் அரிசியும் இப்படி இருந்ததில்லை. இதை விலைக்கு யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் மாட்டார்கள்.

"யாருக்குள்ளதும்மா இது?" என்றார்.

"தெருவுக்குள்ளது."

விக்டோரியா ஈரக் கையோடு வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் வில்பிரட் தோணியை நடத்தும் தண்டல், சரக்கோடு கொழும்பு போயிருந்தான்.

"வைகாசியில கச்சான் காத்து எழும்பிட்டுன்னா தோணி ஓடாது ஐயா. ஆவணி வரைக்கும் கரையிலதான். கடலுக்குப் போனாத்தான சம்பளம்? அந்த மாசங்களுக்குத்தான் இது. உலை வைக்கும்போது ஆளுக்கு ஒரு பிடி. கச்சான் வந்தா, வீட்டுல எத்தனை வாயோ அதுக்குத் தக்கன அளந்து குடுத்திருவேன்."

"இத எப்படிம்மா பொங்குவிய? புழுங்கல் வேகுறதுக்குள்ள பச்சரிசி கூழாயிருமே" என்றான் முத்துக்கனி.

"கஞ்சியாக் காய்ச்சினா யாரு பிரிச்சுப் பாக்கா? ஒங்க வீட்டுல மணி எண்ணித்தான் திம்பியளா?"

சிவனணைந்தபெருமாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் அளவு ஒரு பீப்பாயில் பாதிகூட வராது. ஆனால் வழி இருந்தது, அதைச் சொல்வதில் அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டுக்கு ஒருத்தி வந்து, தான் போட்டது இவ்வளவு என்று சொல்லிக் கைநாட்டு வைத்தால் போதும். பிரித்துப் பார்த்தால் எந்த வீட்டுக் கணக்கும் சட்டத்தைத் தாண்டாது. ஒரு மணியைக்கூட அரசாங்கம் எடுக்காது.

அவள் தலையை ஆட்டினாள். "அது முடியாது ஐயா."

"ஏன்?"

"யாரு எவ்வளவு போட்டான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டேன்."

"நீ கேக்க வேண்டாம். நான் கேக்கேன்."

"நீங்களும் கேக்கக் கூடாது."

"போடாதவளுக்கும் அளந்து குடுப்பியளோ?" என்றான் முத்துக்கனி குறும்பாக.

"போடாதவ யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் ஏறியது. உதவி செய்ய வந்தவனைச் சட்டம் பேச வைக்கிறாளே என்றிருந்தது. தெருவுக்குச் சொந்தம் என்று ஒரு சட்டமும் கிடையாது, பேர் சொல்லாவிட்டால் எல்லாம் அவளுடையதாகத்தான் ஆகும், பீப்பாய்கள் சாயங்காலத்துக்குள் லாரியில் ஏறிவிடும், அவள்மேல் வழக்கு வரும், ஜெயிலுக்கும் போக நேரலாம் என்றார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எம்பேர்லயே எழுதிக்கிடுங்க."

"தெருவே பட்டினி கெடக்குமே, தெரியுதா?"

"தெரியுது ஐயா. கெடந்திருக்கோம். ஆனா அந்தக் கேள்வியக் கேட்டுட்டியன்னா, அதுக்கப்புறம் இந்தத் தெருவுல ஒருத்தி மொகத்த ஒருத்தி பாக்க முடியாது."

அவர் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மடியில் எழுதும் பலகையையும் பறிமுதல் படிவத்தையும் வைத்துப் பேனாவைத் திறந்தார். பேர் எழுத வேண்டிய இடத்துக்கு வந்தபோது புறவாசலில் நிழல் விழுந்தது. உலை வைக்கும் நேரம். தடித்த ஒரு பெண், வலது கையை மூடியபடி உள்ளே வந்தாள். அதிகாரியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். விக்டோரியா, "ஏளா, வா, வழக்கம்போலச் செய்யி" என்றதும் கீறலுக்குள் கையை விட்டாள். அரிசிமேல் அரிசி விழுந்தது. காய்ந்த மணலில் தூறல் விழுகிற சத்தம். கையை எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே இன்னொருத்தி. மற்ற நாளானால் அவர்கள் பேச்சும் சிரிப்புமாகத்தான் வந்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. இன்று அவர் உட்கார்ந்திருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு பிடியும் துல்லியமாகக் கேட்டது.

மூன்றாவதாக வந்தவளின் காலில் உப்பளத்துப் புண்கள் வெடித்திருந்தன. "வா ஆக்னஸ்" என்றாள் விக்டோரியா. இவளும் கையை மற்றவர்களைப் போலவே மூடியிருந்தாள், சொல்லப்போனால் இன்னும் இறுக்கமாக. கீறலுக்குள் விட்டாள். மற்றவர்கள் வைத்திருந்த அளவு நேரம் அவள் கையும் உள்ளே இருந்தது.

ஒரு சத்தமும் இல்லை.

சிவனணைந்தபெருமாள் நிமிர்ந்தார். ஆக்னஸின் முதுகு அசையாமல் நின்றது. ஜெயில் என்று சொன்னபோது விக்டோரியாவின் முகத்தில் வராத பயம் இப்போது வந்திருந்தது. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதென்று அவள் ஏன் சொன்னாள் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. எத்தனை வருஷமாக, எத்தனை கைகள் இப்படி வந்து போயிருக்கும்? அத்தனையும் சேர்ந்து இந்தப் பீப்பாய்களை எப்படி நிறைத்தன?

"ஏலே முத்துக்கனி!" என்று கத்தினார். அவர் குரலே அவருக்கு அந்நியமாக இருந்தது. "தராசுத் தட்டு ஏம்லே இப்படிக் கோணிக் கெடக்கு? நல்லாத் தட்டு!"

"காலையில நல்லாத்தான ஐயா இருந்திச்சு…"

"தட்டுலேன்னா தட்டு!"

முத்துக்கனி எடைக்கல்லை எடுத்துத் தட்டின்மேல் அடித்தான். அறைச் சுவர்கள் அதிர்ந்தன. ஆக்னஸ் கையை வெளியே எடுத்தாள். விரல்களை விரித்து, உள்ளங்கையில் ஒட்டிய தவிட்டைத் துடைப்பதுபோல முந்தானையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள்.

"போதுமா ஐயா?"

"நிறுத்தாத."

அவர் மடியில் பேர் எழுதும் இடம் காலியாகக் கிடந்தது. பேனாவின் மை காய்ந்துகொண்டிருந்தது. புறவாசலுக்கு வெளியே, கண் கூசும் வெயிலில், சந்து நெடுகப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருடைய கையும் மூடியிருந்தது.