இருமல் முதலாளியின் அழைப்பு

மார்ச் மாதம் பதினான்காம் நாள், புதன்கிழமை. காலை முதல் தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தமையால், குடை எடுத்து வந்தவர்களும் எடுக்காமல் வந்தவர்களும் ஒருங்கே தம்மை நொந்துகொண்டனர்.

நகர நூலகத்தின் மேல்மாடியில் இளையோர் வேலை வழிகாட்டி அறை அமைந்திருந்தது. பள்ளிப்படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள பிள்ளைகளுக்கு எத்தொழில் பொருந்தும் என ஆராய்ந்து, பயிற்சி இடமோ முதல் வேலையோ தேடித் தருவது அவ்வறையின் பணி. அங்கே இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்றில் அமர்ந்திருந்தவர் சென்ற ஆண்டு மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதிலாக எவரும் அனுப்பப்படவில்லை. மற்றொன்றில் ஆலோசகர் அமர்ந்திருந்தார். ஐம்பதைக் கடந்த பெண்மணி, தனியே வசிப்பவர். அவருடைய பணியில் ஒரு விசித்திரம் உண்டு. வேலை கிடைக்காத பிள்ளைகள் மீண்டும் மீண்டும் படியேறி வருவார்கள். கிடைத்த பிள்ளைகள் அதன்பின் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். ஆதலால், அவர் எவ்வளவு திறம்படப் பணியாற்றினாரோ, அவ்வளவு விரைவாக அவ்வறை காலியாயிற்று.

ஆண்டின் தொடக்கத்தில் வானொலி வந்து சேர்ந்தாள். வானொலி என்பது அவளுக்கு அண்ணன் வைத்த பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பதினேழு வயதுவரை அவள் வாழ்ந்து வந்தமையால், கேலிக்காக அவன் சூட்டிய பெயர் வீடு முழுவதும் நிலைத்துவிட்டது. தன் முறைக்காகக் காத்திருந்த நேரத்தில் அவள் ஒரு சுண்ணக்கட்டியைக் குண்டூசியால் செதுக்கி, நகத்தளவு நாற்காலி ஒன்றைச் செய்திருந்தாள். நான்கு கால்களும் தரையில் ஆடாமல் நின்றன.

“ஸ்கூல் முடிஞ்சதும் என்னம்மா பண்ணப் போறே?” என்று ஆலோசகர் வினவினார்.

“சித்தப்பா செல்போன் கடை வச்சிருக்காரு. வேற எதுவும் கிடைக்கலைன்னா அங்க நிக்கணும்.”

“கடையில என்ன வேலை?”

“பேசுறது,” என்றாள் வானொலி. தூக்குத்தண்டனையை அறிவிப்பவளின் முகம் அப்போது அவளுக்கு இருந்தது.

ஆலோசகர் அந்தச் சுண்ண நாற்காலியைப் பார்த்தார். செயற்கைப் பற்கள் செய்யும் கூடம் ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. மறுவாரமே அவளை அங்கே அழைத்துச் சென்று காட்டினார். முதலாளி அன்று வெளியூர் சென்றிருந்தார். நீண்ட மேசைகளின்மேல் பாரிஸ் சாந்தில் வார்த்த தாடைகள் வாய் பிளந்து வரிசையாகக் கிடந்தன. சிறு சுடரில் மெழுகை இளக்கி, கரண்டியினும் சிறிய ஒரு கருவியால் பல்லுக்கு வடிவம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. மூத்த தொழிலாளி ஒருவர் மெழுகுத்துண்டு ஒன்றை அவள் கையில் கொடுத்தார். அன்று வானொலி மதிய உணவை மறந்தாள்.

இரண்டு நாள் கழித்து முதலாளி ஆலோசகருக்குத் தொலைபேசி செய்தார். “பொண்ணுக்குக் கை ஓடுதுன்னு நம்ம ஆளுங்க சொல்றாங்க. ஆனா போன்ல பேச வருமா? டாக்டருங்க எல்லாரும் போன்லதான் வேலை சொல்வாங்க. எந்தப் பல்லு, எந்தப் பக்கம், என்ன நிறம்னு திருப்பிக் கேட்டு உறுதி பண்ணலைன்னா, ஒருத்தர் பல்லு இன்னொருத்தர் வாய்க்குப் போயிடும். நான் ஆளை நேர்ல பார்த்து எடுக்கறதில்லை. போன்ல பேசித்தான் எடுப்பேன். தயாரானதும் சொல்லுங்க.”

அவ்வாறு தொடங்கியதே அந்தப் பழக்கம். ஆலோசகர் முன்னறிவிப்பு ஏதுமின்றி வானொலியை அழைப்பார். ஒருநாள் அலுவலகத் தொலைபேசியிலிருந்து, ஒருநாள் கீழே நூலகத்திலிருந்து, பெரும்பாலும் மாலையில் தம் வீட்டிலிருந்து. அறியாத எண்ணைக் கண்டு அஞ்சாமல் எடுக்கப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. இயல்பிலேயே அவருக்குக் கனத்த குரல். கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டால் எவராகவும் மாறிவிடுவார். மூச்சுவிடாமல் பேசும் அவசரக்கார அம்மா ஒருவர் அழைப்பார். கேள்விக்குக் கேள்வியே கேட்கும் மேலாளர் ஒருவர் அழைப்பார். எல்லாருக்கும் மேலாக, வார்த்தைக்கு வார்த்தை இருமும் முதலாளி ஒருவர் அழைப்பார்.

முதல் வாரத்தில் வானொலி “ம்” என்று மட்டும் சொன்னாள். இரண்டாம் வாரத்தில் பல்லின் பக்கத்தையும் நிறத்தையும் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். பிப்ரவரி பிறப்பதற்குள் அவள் இருமல் முதலாளியின் மனைவியை விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். அந்த மனைவிக்கு முழங்கால் வலி என்று ஆலோசகர் ஒரு கற்பனையை அவிழ்த்துவிட, அவசரக்கார அம்மா அவளுக்குத் தைலம் சிபாரிசு செய்ததாக வானொலி மற்றொன்றைச் சேர்த்தாள். இவ்வாறு, ஒருவரும் இல்லாத வீட்டிலிருந்து புறப்பட்ட குரல்கள் ஒரு தெருவையே குடியமர்த்தின. பேசி முடித்துத் தொலைபேசியை வைத்தபின், ஆலோசகர் சற்று நேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருப்பார். பிறகு சமையலறை விளக்கைப் போடுவார். ஒரு தட்டு, ஒரு குவளை.

முதலாளி இடையிடையே விசாரித்தார். “இன்னும் கொஞ்சம் பழகட்டும் சார், அடுத்த வாரம் பேசலாம்,” என்று ஆலோசகர் ஒவ்வொரு முறையும் விடை பகர்ந்தார்.

இனி, அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். பிற்பகல் நான்கு மணியளவில் வானொலி பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே அவள் கைப்பேசி ஒலித்தது. அறியாத எண்.

“ஹலோ,” என்று தொடங்கிய குரல் நெடுநேரம் இருமியது. “பல் கூடத்துலேருந்து பேசறேன்மா.”

வானொலி சிரித்துவிட்டாள். “இன்னிக்கு இருமல் பிரமாதம் மேடம். போன வாரம் பூனை முடி விழுங்கின மாதிரி இருந்துச்சு.”

மறுமுனை சற்றே திகைத்தது. “என்னம்மா சொல்றே?”

“சரி சரி, கேளுங்க. நான் ரெடி.”

“உனக்கு எதுக்கு இந்த வேலை?”

“சொல்லிக் குடுத்ததைச் சொல்லட்டா, உண்மையைச் சொல்லட்டா?”

“உண்மையையே சொல்லேன்.”

“பல்லு பேசாது. அதைப் பார்த்துட்டு உக்காந்திருந்தா ‘ஏன் இப்படி உம்முன்னு இருக்கே’ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அன்னிக்கு அந்த மெழுகைக் கையில குடுத்தாங்கல்ல, அதுலேருந்து எனக்குத் தூக்கத்துல கூட விரல் அசையுது. சித்தப்பா கடைக்குப் போனா நான் செத்தேன்.”

குரல் மறுபடியும் இருமியது. “ஒரு வேலை சொல்றேன், திருப்பிச் சொல்லு. மேல்தாடை, வலப்பக்கம், முதல் கடைவாய்ப்பல். வெள்ளிக்கிழமை வேணும்.”

“மேல்தாடை, வலப்பக்கம், முதல் கடைவாய்ப்பல், வெள்ளிக்கிழமை. நிறம் சொல்லலையே? மறந்த மாதிரி நடிக்கிறீங்க, எனக்குத் தெரியும். போய் வெந்நீர் குடிங்க மேடம், தொண்டை பாவம்.”

பேருந்து வந்துவிட்டமையால் அவளே அழைப்பைத் துண்டித்தாள்.

நான்கரை மணிக்கு அவள் நூலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தாள். “இன்னிக்குப் பேசினதுதான் மேடம் எல்லாத்துலயும் பெஸ்ட்டு!”

ஆலோசகர் நிமிர்ந்தார். “நான் இன்னிக்குக் கூப்பிடவே இல்லையேம்மா.”

“விளையாடாதீங்க.”

“சத்தியமா இல்லை.”

“அப்ப இருமினது யாரு?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தனர். விடையை மேசைத் தொலைபேசியே அளித்தது. முதலாளியின் குரல் உரத்தது, அறையோ சிறியது. ஆகவே ஒரு சொல்லும் வானொலிக்குத் தப்பவில்லை.

“என்னங்க உங்க பொண்ணு? என்னைப் பூனைங்குது, வெந்நீர் குடிங்குது. இருபது வருஷமா சாந்துத் தூசியில நிக்கறேன், இருமல் வராம சங்கீதமா வரும்? நீங்களும் ‘தயாரா இல்லை, தயாரா இல்லை’ன்னு தள்ளிக்கிட்டே போறீங்க. இன்னொரு பையன் வந்து காத்திருக்கான், இன்னிக்கு முடிவு பண்ணணும். அதான் அன்னிக்கு அது எழுதி வச்சுட்டுப் போன நம்பர்ல நானே கூப்பிட்டேன். சரி, ஒரு வாய்ப்புத் தரேன். அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணே என்னைக் கூப்பிட்டுப் பேசட்டும். நீங்க பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கக் கூடாது.”

தொலைபேசி வைக்கப்பட்டது. வானொலி நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“நான் தயாரா இல்லையா மேடம்?”

“தயார்தான்.”

“எப்பலேருந்து?”

“போன மாசத்துலேருந்து.”

“அப்புறம் ஏன் தள்ளினீங்க? அந்தப் பையனுக்குக் கிடைச்சிருந்தா நான் சித்தப்பா கடையில நின்னிருப்பேன்.”

ஆலோசகர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மீண்டும் மாட்டினார்.

“உனக்கு வேலை கிடைச்சுட்டா,” என்றார் இறுதியில், “சாயங்காலம் நான் கூப்பிட்டுப் பேச வேற ஆள் இல்லைம்மா.”

தூறல் கண்ணாடியில் கோடு கிழித்து இறங்கிற்று. வானொலி அவரை வெகுநேரம் பார்த்தாள். அப்பார்வையில் சினமும் இருந்தது. சினம் மட்டும் இருந்தது என்று கூறவும் இயலாது.

“மணி அஞ்சாகப் போகுது,” என்றாள். “நீங்க வெளியில நிக்கணும்னு சொன்னாரு.”

ஆலோசகர் எழுந்து அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்குச் சென்றார். கதவின் மேற்பாதி கண்ணாடி. அதன் வழியே உள்ளே நிகழ்வது தெரிந்தது, கேட்கவில்லை. வானொலி எண்களை அழுத்தினாள். அவளுடைய முதல் சொல் வருவதற்குத் தாமதமாயிற்று. ஆலோசகரின் உதடுகள், அவரறியாமலே, “வணக்கம் சார்” என்று அசைந்தன. உள்ளே வானொலியின் உதடுகள் வேறு எதையோ சொல்லின. அவர் கற்பித்த வரிசையில் அந்த உரையாடல் செல்லவில்லை என்பது மட்டும் அவருக்குப் புலப்பட்டது. அவள் குனிந்தாள், தலையசைத்தாள், விரலால் தன் வலக்கன்னத்தைத் தொட்டு ஒரு பல்லைக் கணக்கிட்டாள். பின்னர் சிரித்தாள். எதற்காகச் சிரித்தாள் என்பதை அறிய ஆலோசகருக்கு வழியில்லை. இருவரும் குரல்களால் குடியமர்த்திய அந்தத் தெருவில் அவருக்கு இனி வீடில்லை.

கதவு திறந்தது.

“திங்கக்கிழமை வரச் சொன்னாரு. மூணு மாசம் பயிற்சி, அப்புறம் வேலை.”

“என்ன சொன்னே?”

“மன்னிப்புக் கேட்டேன். இங்க ஒரு இருமல் முதலாளி இருக்காரு, அவருன்னு நினைச்சுட்டேன்னு சொன்னேன். யாரு நல்லா இருமறா, அவரா நானான்னு கேட்டாரு.”

“நீ?”

“நீங்கதான் சார்னு சொன்னேன்.” அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டினாள். “வீட்டுக்குப் போய் அண்ணன்கிட்ட சொல்லணும். பேரை மாத்தச் சொல்லணும்.”

“தூறுது பாரு, என் குடையை எடுத்துட்டுப் போ.”

“வேண்டாம் மேடம். அப்புறம் திருப்பிக் குடுக்க வரணும்.”

சொல்லிவிட்ட பிறகே அச்சொல்லின் பொருள் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். படிக்கட்டின் உச்சியில் ஒரு கணம் நின்றாள். கைப்பிடிச் சுவரை விரலால் சுரண்டினாள். கீழே பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. “வரேன் மேடம்,” என்று இறங்கிவிட்டாள்.

ஆலோசகர் கைப்பிடியில் சாய்ந்து நின்று செவிமடுத்தார். காலடிகள் முதல் திருப்பத்தைக் கடந்தன. இரண்டாம் திருப்பத்தையும் கடந்தன. நூலகத்தின் வாயிற்கதவு திறந்து, தானாகவே மூடிக்கொண்டது. அப்போது மாலை மணி ஐந்து பத்தொன்பது.