சமையல்காரர் நாக்கு

என் வீட்டுக்காரர் நாற்காலித் தொழிற்சாலையில் கேன்டீன் சமையல்காரர். நான் அதே தொழிற்சாலையில் நாற்காலிக்கு மெத்தை உறை தைக்கும் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் அவருக்கு நான் சமைக்கிறேன், வேலையிடத்தில் எனக்கு அவர் சமைக்கிறார், கணக்கு சரியாகப் போச்சே என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். சரியாகவில்லை. சமைப்பதற்கு அவருக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அளவுக் கரண்டி என்றாலே அவருக்கு ஆகாது. கொதிக்கிற அண்டாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொள்வார். நக்குவார், கண்ணை மூடுவார், உப்பை ஒரு பிடி அள்ளி வீசுவார். அவ்வளவுதான். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும் எவ்வளவு போடணும் என்று கேட்டால், என் நாக்கைக் கேளுங்க என்பார். அந்த நாக்கின் மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. உண்மையைச் சொல்லவேண்டும், கர்வப்படலாம், அப்படித்தான் இருக்கும் சாப்பாடு.

வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சாலையில் எல்லோருக்கும் உடம்பைப் பரிசோதிப்பார்கள். இந்த முறை நர்ஸ் இவர் கையில் பட்டையைக் கட்டி அழுத்திப் பார்த்தார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார், பிறகு அடுத்த கையில் கட்டினார். வரிசையில் பின்னால் நின்ற நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இவருடைய அண்ணனுக்கும் இதே பிரஷர்தான். மாத்திரையை மறந்து, உப்பை மட்டும் மறக்காமல் காலம் ஓட்டியவர். ஒருநாள் காலையில் ஒரு கை விளங்காமல்போய், சட்டைப் பொத்தான் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றார். இன்றுவரை அண்ணிதான் பொத்தான் போட்டுவிடுகிறார். இவர் இரண்டு வயதுதான் இளையவர்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், நேரத்துக்குத் தூங்கச் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன், அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே வீட்டில் என் ஆட்சி தொடங்கிவிட்டது. வறுவல் பொட்டலங்களைத் தூக்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். சமையலில் உப்பைப் பாதியாக்கினேன், பிறகு பாதியில் பாதி. எலுமிச்சையும் மிளகும் பூண்டும் வைத்துச் சமாளித்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் செருப்பை எடுத்து அவர் முன்னால் போட்டுவிடுவேன். பேருந்து நிறுத்தம்வரை நடந்து திரும்புவோம். போகும்போது முறைத்துக்கொண்டே வருவார், திரும்பும்போது பேச்சுக் கொடுப்பார். அதற்குள் கோபம் கரைந்திருக்கும்.

சாப்பாட்டில்தான் அடம். முதல் வாரம் முழுக்கத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஏதோ மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருந்தார். குப்பைத்தொட்டி பின்கட்டில்தான் இருக்கிறது, கொண்டுபோய்க் கொட்டுங்கள் என்றேன். கொட்டவில்லை. அவர் தட்டில் இருந்ததுதான் என் தட்டிலும் இருந்தது. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று சமைக்க எனக்கு நேரமும் கிடையாது, மனசும் கிடையாது. மதியத்துக்கு ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். ஊருக்கே சமைக்கிறவன் டப்பா கட்டிக்கொண்டு போனால் சிரிக்க மாட்டார்களா என்று, மூட்டைகள் இருக்கும் அறையில் ஒளிந்து உட்கார்ந்து சாப்பிட்டார். திருடித் தின்றவனைப் பார்த்திருக்கிறேன், சொந்தச் சாப்பாட்டை ஒளிந்து சாப்பிட்டவர் இவர் ஒருத்தர்தான்.

இரண்டு மாதத்தில் முனகல் நின்றது. உடம்பும் லேசாக இருப்பதாக அவரே சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் கேன்டீனில் புகைய ஆரம்பித்தது.

ஆரம்பித்துவைத்தவன் ரேடியோ. பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். அத்தனை இயந்திரம் ஓடும்போதும் அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். ஒருநாள் மதியம் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. இவர் உப்பே போடமாட்டேங்கறாரு, நான் எதுக்கு இவரை நினைக்கணும்?"

கூடமே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊசியால் அவன் வாயைத் தைத்திருப்பேன். சூப் அருமையாக இருக்கிறதே என்றேன் சத்தமாக. உண்மையாகவே அருமையாகத்தான் இருந்தது. புருஷன் சமையலை வேறு எப்படிச் சொல்வாங்க பாவம் என்று கண்ணடித்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். மேசைகளில் உப்புக் கிண்ணம் வைத்துப் பார்த்தார்கள். மேலே தூவிய உப்பு, வெந்த கிழங்குக்குள்ளே போகுமா? முணுமுணுப்பு நிற்கவில்லை. கடைசியில் மேலாளர் இவரைக் கூப்பிட்டு, நல்ல மனுஷர்தான், சங்கடத்தோடு சொன்னார்: மாதக் கடைசிவரை பார்ப்போம், அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து இவர் குதித்தார். தொழிற்சாலையில் அத்தனை பேருக்கும் நாக்குச் செத்துவிட்டதாம். ஆமாம் ஆமாம் என்று நானும் ஒத்து ஊதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. தங்கை சூப்பை ஊற்றினாள். நான் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். உப்புக் கரித்தது. பக்கத்தில் இவரைப் பார்த்தால், கன்னம் உப்பிப்போய், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். உன் தங்கை கடலையே காய்ச்சி ஊற்றிவிட்டாள் என்று என் காதில் சொன்னார். எதிரே அவருடைய சகலை இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கிண்ணத்தை வழித்து நக்கின. எப்படிக்கா இருக்கு என்று தங்கை கேட்டாள். நல்லாயிருக்குடி என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தேன்.

திரும்பி வரும் வழியில் எனக்குப் பொறி தட்டியது. அவள் கையில் தப்பில்லை. மாறியது எங்கள் நாக்கு. அதைச் சொன்னதும் இவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"அப்போ என் சமையல்ல..."

"உப்பு இல்லைங்க. ரொம்ப நாளாவே இல்லை. நமக்குத்தான் தெரியலை."

சிரிப்பார் என்று நினைத்தேன். எனக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகம் தொங்கிப்போனது.

அடுத்த நாள் ஓர் அளவுக் கரண்டியை வாங்கிக்கொண்டு போனார். அவர் அதைக் கையில் பிடித்ததே பாம்பைப் பிடித்த மாதிரி இருந்ததாம், சமையலறைப் பெண்கள் சொன்னார்கள். ஒருநாள் காய் வாங்கிவந்தது குறைவு, இன்னொரு நாள் கூடுதல் வேலை என்று சாப்பிட ஆட்கள் அதிகம். கரண்டிக்கு இதெல்லாம் தெரியுமா? திங்கட்கிழமை அவரைக்காய் உப்பளம், செவ்வாய்க்கிழமை கிழங்கு வெறும் மண். ரேடியோவுக்குத் தீனி கிடைத்தது.

புதன்கிழமை சாயங்காலம் நான் தட்டு வைத்தபோது இவர் சமையலறைக்குள் போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூடியைத் திறந்து, என் கண் முன்னால், ஒரு பெரிய சிட்டிகை எடுத்துத் தட்டு முழுக்கத் தூவினார். ஒரு மாதம் பழையபடி சாப்பிட்டால் நாக்குத் திரும்பிவிடும், வேலை நிலைக்கும், உடம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் அண்ணன் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை. தட்டை இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"உங்க வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். நீங்க போனா நான் எங்கே போய்த் தேடுவேன்?"

"தேடினா கிடைக்காமலா போயிடும்" என்றார். வேடிக்கையாகத்தான் சொல்லப் பார்த்தார், குரல் ஒத்துழைக்கவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். நாக்கு இல்லைன்னா நான் யாரு?"

எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஆனால் இரண்டு பேரும் அழுதால் சாப்பாடு ஆறிவிடும். அதனால் வைதேன். ஊரில் நாக்குக்கா பஞ்சம், ரேடியோவுக்கு இருப்பதே நாக்கு மட்டும்தான், அதைக் கொஞ்சம் உபயோகமாக வேலை வாங்குங்களேன் என்றேன். அவனிடம் போய் நிற்பதற்கு வேலையையே விட்டுவிடுவேன் என்றார். விடுங்கள், ஆனால் இந்த டப்பாவைத் தொடாதீர்கள் என்றேன். புதிதாக ஒரு தட்டு வைத்தேன். சாப்பிட்டார். செருப்பை நான் எடுத்துப் போடுவதற்கு முன்னால் அவரே எடுத்து மாட்டிக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல் நடக்கப் போனார். திரும்பிவர வெகுநேரம் ஆனது.

மறுநாள் மதியம் கூடத்தில் எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று. பரிமாற வேண்டிய நேரம், பரிமாறும் ஜன்னல் திறக்கவில்லை. பதிலாகச் சமையலறைக் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் ஒரு கிண்ணத்தோடு வெளியே வந்தார். அவர் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. நேராக ரேடியோ மேசைக்குப் போனார். சண்டைதான் என்று எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தார். "பிரஷர்னு வீட்டுல உப்பைக் குறைச்சுட்டோம். என் நாக்கு மாறிப்போச்சு. உப்பு சரியா இருக்கான்னு எனக்குத் தெரியலை. நீ பாத்துச் சொல்லு."

ரேடியோ பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். கிண்ணத்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு வாய் எடுத்தான். "இன்னும் கொஞ்சம் வேணும்ணே" என்றான், மரியாதையாக. இவர் உள்ளே போனார். திரும்பி வந்தார். இன்னும் துளி என்றான். மறுபடி போய் வந்தார். இந்த முறை ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். இவரும் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். வேப்பிலையைக் கடித்தவர் மாதிரி முகம் போன போக்கைப் பார்த்துக் கூடமே வெடித்துச் சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். கூட்டத்தில் மேலாளரும் இருந்தார். இரண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெளிச் சாப்பாட்டுப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து ரேடியோதான் கேன்டீனின் நாக்கு. பத்து நிமிடம் முன்னதாகவே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மாப்பிள்ளை மாதிரி சமையலறைக்கு வந்துவிடுவான். இவரும் டப்பாவை இப்போது கூடத்திலேயே, எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து திறக்கிறார். அடுத்த பரிசோதனையில் நர்ஸ் ஒரே ஒருமுறைதான் பட்டையைக் கட்டினார். வரிசையில் பின்னால் நின்ற எனக்கு அதுவே போதும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த சாப்பாட்டில், அந்தப் பரிசோதனைக்கு இரண்டு மாதம் கழித்து, மறுபடி உப்புக் குறைந்துவிட்டதாக ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ரேடியோ ருசி பார்த்துச் சரி என்று சொன்ன சாப்பாடுதான். ஒருநாள் மதியம் நான் தட்டோடு ஜன்னலருகே போனபோது, உள்ளே இவர் அவனை நிறுத்தி வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார். அவன் தாழ்ந்த குரலில் பேசினான். அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே யாருக்கும் தெரியாது. நர்ஸ் அவன் கையிலும் பட்டையை மூன்று தரம் கட்டியிருக்கிறார். அவன் பெண்டாட்டியும் வீட்டில் உப்பை எடுத்துவிட்டாள். இரண்டு மாதமாக வெளியே சொல்லாமல், தோராயமாகத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

இவர் அவனைத் திட்டுவார் என்று பார்த்தேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். தன் டப்பாவைத் திறந்து பாதியை அவனுக்கு எடுத்து வைத்தார். அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஆரம்பத்தில் இதை எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டான்.

"நான் எங்கே தாங்கினேன்" என்றார் என் வீட்டுக்காரர். "அவளுக்கு ஒரு வியாதியும் இல்லை. இருந்தாலும் என் தட்டுல இருந்ததையேதான் அவளும் சாப்பிட்டா. ஒருநாள்கூட மூஞ்சி சுளிக்கலை. எதிர்ல அப்படி ஒருத்தி உக்காந்திருந்தா, வேண்டாம்னு எப்படி எந்திரிக்கிறது?"

எனக்குத் தெரிந்து என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதையும் என்னிடம் சொல்லாமல் ரேடியோவிடம் சொல்கிறார். எனக்குக் கண்ணும் மூக்கும் ஒழுக ஆரம்பித்துவிட்டது, துடைத்துக்கொள்ள ஒரு கை காலியில்லை, இரண்டு கையிலும் தட்டு இருந்தது. அப்போதுதான் நிமிர்ந்து ஜன்னலில் என்னைப் பார்த்தார். பார்த்ததும் கழுத்துவரை சிவந்துபோய், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "வரிசையில வா" என்று அதட்டினார்.

வரிசையில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் நின்றேன்.